தோற்றவருக்கும் பாதித் தெரு: அல்கோய் நகரின் நுழைவு ஊர்வலம்

ஸ்பெயினின் கிழக்கே, அலிகாண்டே மாகாணத்தின் மலைகளுக்கு நடுவில் அல்கோய் என்ற நகரம் இருக்கிறது. ஆழமான ஆற்றுப் பள்ளங்களைச் சுற்றி எழுந்த ஊர் என்பதால் பாலங்களின் நகரம் என்றும் அதனை அழைப்பார்கள். சனத்தொகை அறுபதாயிரத்தை ஒட்டியது. ஒரு காலத்தில் கம்பளித் துணிக்கும், சிகரெட் சுற்றும் தாளுக்கும் பெயர்போன கைத்தொழில் நகரம். இன்று வெளியூர்க்காரர் அதனை அறிவது பெரும்பாலும் ஒரு விழாவால்தான். ‘மூர்களும் கிறிஸ்தவர்களும்’ என்பது விழாவின் பெயர். மரபுப்படி ஏப்ரல் 22, 23, 24 ஆகிய மூன்று நாட்கள் அதற்கு உரியவை. ஈஸ்டர் நாட்களோடு மோதினால் திகதி மாறும். 1980ஆம் ஆண்டு ஸ்பெயின் அரசு இதனைச் சர்வதேச சுற்றுலா முக்கியத்துவம் வாய்ந்த விழாவாக அறிவித்தது.

முதல் நாள் நுழைவு நாள். இரண்டாவது நாள் நகரத்தின் காவலரான புனித ஜோர்ஜுக்கு உரியது. மூன்றாவது நாள் வெடிமருந்துக்கும் சண்டைக்கும் உரியது. இவற்றில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது முதல் நாளுக்காகத்தான். அன்று நடக்கும் பெரும் அணிவகுப்பை ‘என்ட்ராடா’ என்கிறார்கள். நுழைவு என்பது அதன் நேரடிப் பொருள். இரண்டு படைகள் நகரத்துக்குள் நுழைவதாகப் பாவனை. முற்பகலில் கிறிஸ்தவப் படை வருகிறது. பிற்பகலில் முஸ்லிம் படை வருகிறது.

உலகில் வெற்றி விழாக்களுக்குக் குறைவில்லை. அவற்றில் தோற்றவர் ஒன்றில் சங்கிலியோடு நடத்திச் செல்லப்படுவார், இல்லாவிட்டால் அவர் அங்கே இருந்ததாகவே காட்டப்படமாட்டார். அல்கோயின் விழாவும் ஒரு வெற்றியைக் கொண்டாடும் விழாதான். ஆனால் அதன் தொடக்க ஊர்வலத்தில் தோற்றவருக்கும் வென்றவருக்கும் ஒரே தெரு, ஏறத்தாழ ஒரே அளவு நேரம், ஒரே எண்ணிக்கையான அணிகள். கிறிஸ்தவருக்கு 14 அணிகள் என்றால் மூர்களுக்கும் 14. ஊரவரைக் கேட்டால், பிற்பகல் ஊர்வலமே அழகு என்று சொல்பவர்கள் ஏராளம்.

இப்படி ஒரு சமநிலை எப்படி வந்தது, அதற்குள் யார் இல்லை என்பவை இந்த விழாவைப் பற்றிக் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்.

1276இல் நடந்தது

ஐபீரியத் தீபகற்பத்துக்குள் முஸ்லிம் படைகள் 711இல் நுழைந்தன. வலென்சியா நகரம் ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக அவர்களின் ஆட்சியில் இருந்தது. 1238இல் அரகோன் மன்னர் முதலாம் ஜாவுமே அதனைக் கைப்பற்றினார். தெற்கே மலைநாட்டில் இருந்த முஸ்லிம் தலைவர்கள் ஒவ்வொருவராகப் பணிந்தார்கள், அல்லது ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அப்படி ஒப்பந்தம் செய்தவர்களில் ஒருவர் முகம்மது இப்னு ஹுதைல். நீலக் கண்கள் கொண்டவர் என்பதால் ‘அல்-அஸ்ரக்’, அதாவது நீலன், என்ற பட்டப்பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1240களின் நடுவில் அவர் மன்னரின் மகனோடு செய்த உடன்படிக்கை அரபு மொழியிலும் கஸ்தீலிய மொழியிலும் ஒரே தாளில் எழுதப்பட்டது. அந்தத் தாள் பார்சலோனாவில் அரகோன் முடியாட்சியின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது.

உடன்படிக்கை நீடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அல்-அஸ்ரக் கிளர்ந்தெழுந்தார். நெடுங்காலம் மலைக்கோட்டைகளில் இருந்து போரிட்டு, 1258இல் தோற்று நாடு கடத்தப்பட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1256இல், அவருடைய மலைகளின் விளிம்பில் கிறிஸ்தவக் குடியேற்ற நகரமாக அல்கோய்க்குப் பட்டயம் வழங்கப்பட்டிருந்தது. எல்லைப்புறக் குடியேற்றம், சுற்றிவர மதில், உள்ளே ஒரு தேவாலயம். 1276இல் அல்-அஸ்ரக் திரும்பி வந்தார். அந்த ஏப்ரலில் அல்கோயைத் தாக்கியபோது மதிலடியில் கொல்லப்பட்டார்.

பின்னாளில் எழுந்த மரபுக்கதை இதனை வேறு விதமாகச் சொல்கிறது. சண்டை உக்கிரமாக இருந்த வேளையில் வெள்ளைக் குதிரையில் ஒரு வீரர் மதில்மேல் தோன்றி அம்பு எய்தாராம். கிறிஸ்தவர்கள் அவரைப் புனித ஜோர்ஜ் என்றார்கள். தாக்க வந்த முஸ்லிம்கள் ‘வலீ’ என்று கூவினார்களாம். மன்னர் ஜாவுமேயின் பெயரில் வழங்கும் சரிதை நூல் அல்கோய்ச் சண்டையைச் சொல்கிறது. அங்கே இந்தக் குதிரை வீரரைக் காணோம்.

அந்தச் சரிதை சொல்லும் இன்னொரு விடயத்துக்கு விழாவில் பெரிய இடம் இல்லை. அல்-அஸ்ரக் விழுந்ததைக் கண்டு உற்சாகமடைந்த கிறிஸ்தவக் குதிரைவீரர்கள் மதிலுக்கு வெளியே துரத்திச் சென்று பதுங்கித் தாக்குதலில் சிக்கி, பலர் மாண்டார்கள். நகரத்துக்கு வெளியே ஒரு மலைப் பள்ளத்துக்குச் ‘சண்டைப் பள்ளம்’ என்றே பெயர் இருக்கிறது. சில வாரங்களில் லுச்சென்ட் என்ற இடத்தில் மன்னரின் படை இன்னும் பெரிய தோல்வியைச் சந்தித்தது. ஜூலை 27ஆம் திகதி மன்னரும் நோயில் இறந்தார். கிளர்ச்சி அடங்க 1277 ஆனது. மொத்தத்தில், அல்கோயின் வெற்றி என்பது கிறிஸ்தவர்களுக்கு மிக மோசமான ஓர் ஆண்டில் கிடைத்த ஒரு நாள்.

ஊர்வலம் நடக்கும் விதம்

விழாவுக்கு முதல் நாள் இரவு வீடுகளிலும் அணிகளின் மண்டபங்களிலும் ‘ஒல்யேட்டா’ என்ற அவரையும் இறைச்சியும் சேர்த்து வேகவைத்த கெட்டிக் கூழைச் சாப்பிடுவார்கள். நகரச் சதுக்கத்தில் எல்லா வாத்தியக் குழுக்களும் ஒன்றாக விழாக் கீதத்தை வாசிக்கும். சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் மரத்தாலான கோட்டை எழுப்பப்பட்டிருக்கும். மூன்று நாட்களுக்கும் அதுதான் போர்க்களம். விழா முடிந்ததும் அதனைக் கழற்றி அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைத்துவிடுவார்கள்.

மறுநாள் விடியும் முன்னரே ‘டியானா’ தொடங்கும். ஒவ்வோர் அணியிலும் ஒரு வரிசை, வேகமான இசைக்கு நடந்துவரும். படைமுகாமில் வீரர்களைத் துயில் எழுப்பும் வழக்கத்தின் எச்சம் அது. அதன்பின் காலை உணவு. பின்னர் நகரத்தின் மேல்முனையில் உள்ள ‘பார்த்திதோர்’ என்ற சந்தியில் கூட்டம் கூடுகிறது. அங்கிருந்து சான் நிக்கலாவு தெரு வழியாகக் கோட்டை நிற்கும் சதுக்கம் வரை இறங்கி வருவதுதான் ஊர்வலப் பாதை. தெருவின் இரு பக்கமும் கதிரைகள், மாடிகள் எல்லாம் சனம்.

ஒவ்வோர் அணியையும் ‘ஃபிலா’ என்பார்கள். வரிசை என்று பொருள். அது ஆண்டு முழுவதும் இயங்கும் ஒரு சங்கம். சந்தா, கூட்டம், சொந்த மண்டபம், சமையலறை எல்லாம் உண்டு. தந்தை இருந்த ஃபிலாவில் மகன் சேருவது வழமை. ஊர்வலத்தில் பத்துப் பேர் அளவில் தோளோடு தோள் சேர்த்து ஒரே வரிசையாகத் தெருவை அடைத்து நடப்பார்கள். எல்லோருக்கும் ஒரே உடை, ஒரே அடி. முன்னால் ஒருவர் தனியாக வருவார். அவர் ‘காபோ’. கையில் வாளோ ஈட்டியோ கோடரியோ இருக்கும். வரிசைக்குக் கட்டளை இடுபவரும் அவர்தான், பார்வையாளரைக் கிளப்பிவிடுபவரும் அவர்தான். வாளைச் சுழற்றுவார், திரும்பிப் பின்னோக்கி நடப்பார், இசை உச்சத்தை அடையும் இடத்தில் அசையாமல் நிற்பார். நல்ல காபோவுக்கு ஊரில் தனி மதிப்பு. வரிசையில் நடப்பவர்கள் வாயில் பெரிய சுருட்டோடு வருவதும் ஒரு பழைய வழக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் புகையிலையே கிடையாது என்று அங்கே யாரும் கவலைப்படுவதில்லை.

வரலாற்றுத் துல்லியத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இதுபோல இன்னும் பல இருக்கின்றன. கிறிஸ்தவப் பக்கத்தில் ‘அந்தலூசியர்’ என்ற ஃபிலா பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடத்தல்காரர்களின் உடையில் வருகிறது. ‘உழவர்’ என்ற ஃபிலா வலென்சிய விவசாயிகளின் உடையில் வருகிறது. ‘யூதர்’ என்ற ஃபிலா மூர்களின் பக்கத்தில் அணிவகுக்கிறது. 1492இல் யூதர்களை ஸ்பெயின் துரத்தியது. பின்னர் முஸ்லிம் வழிவந்தவர்களையும் துரத்தியது. துரத்தப்பட்ட இருவரையும் விழா ஒரே பக்கத்தில் நிறுத்தியிருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தளபதியும் ஒரு கொடித்தலைவரும் உண்டு. இந்தப் பதவிகள் முறை வைத்து ஃபிலாக்களுக்கு வரும். ஒரு பக்கத்தில் 14 ஃபிலாக்கள் இருப்பதால், ஒருமுறை வந்த பதவி மறுபடி வர 14 ஆண்டுகள் ஆகும். ஆகவே முறை வரும்போது காசைப் பார்ப்பதில்லை. தளபதி குதிரைகள், ஒட்டகங்கள், அலங்கார வண்டிகள், நடனக் குழுக்கள், நூற்றுக்கணக்கான துணைவேடக்காரர்கள் சூழ வருவார். தளபதியும் அவருடைய ஃபிலாவும் பல ஆண்டுகள் சேமித்து இதற்குச் செலவிடுவார்கள். அந்த ஆண்டுக்கெனப் புதிதாக வடிவமைக்கப்படும் உடைகள் பின்னர் வாடகைக்கு வேறு ஊர்களின் விழாக்களுக்குப் போகும். தையல், தோல்வேலை, செருப்பு, உலோகவேலை, தலைப்பாகை, ஒப்பனை என்று அந்தப் பகுதியில் ஒரு தொழிலே இதனை நம்பி இருக்கிறது.

முதலாவது வரிசை நகரும் கணத்தை ‘அரன்காதா’ என்கிறார்கள். காலையில் கிறிஸ்தவருக்கு ஒன்று, பிற்பகலில் மூர்களுக்கு ஒன்று. வாத்தியம் தொடங்க, காபோவின் வாள் உயர, முதல் அடி விழும்போது அல்கோய்க்காரர் அழுவார்கள். வேலை தேடி வெளியூர் போனவர்கள் வேறெதற்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள்.

இசையில் யார் பக்கம்

இந்த ஊர்வலத்தை வெறும் வேடிக்கையில் இருந்து உயர்த்துவது இசை. வலென்சியப் பிரதேசம் ஊருக்கு ஊர் காற்று வாத்தியக் குழுக்கள் நிறைந்தது. அல்கோயில் 1817இல் முதன்முறையாக ஒரு வாத்தியக் குழு ஒரு ஃபிலாவோடு நடந்தது. ‘யானா’ என்ற மூர் ஃபிலா அது. யானா என்றால் கம்பளி. அதற்கு முன்னர் மத்தளமும் ஊதுகுழலும்தான். தொடக்கத்தில் வாத்தியக்காரர் தமக்குத் தெரிந்த இராணுவ இசையையே வாசித்தார்கள். விழாவுக்கென்றே இயற்றப்பட்ட முதல் இசையாகக் கருதப்படுவது 1882இல் உள்ளூர்க்காரரான ஹுவான் காந்தோ எழுதிய ஒரு நடை இசை. அதன் தலைப்பு ‘மஹோமெட்’. முஸ்லிம்களைத் தோற்கடித்ததைக் கொண்டாடும் விழாவுக்கு எழுதப்பட்ட முதல் இசைக்கு நபிகளின் பெயர்!

1907இல் அன்டோனியோ பேரெஸ் வெர்து ‘மூர் நடை’ என்ற தனி வகையின் முதல் ஆக்கத்தை எழுதினார். மெதுவான தாளம், பெரும் முரசுகள், தாழ்ந்த சுரத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் குழல்கள். அந்தத் தாளத்துக்கு நடக்கும் வரிசை இரு பக்கமும் அலைபோல் அசைந்து மெல்ல வரும். அது உண்மையான அரபு இசை அல்ல. கிழக்கு இப்படித்தான் இருக்கும் என்று ஐரோப்பியர் கற்பனை செய்த இசை. இருந்தும் அதில் உருக்கம் இருக்கிறது. தோல்விக்குள் நடந்து போகும் படையின் இசை என்று கேட்பவருக்குப் படும்.

கிறிஸ்தவருக்கோ நெடுங்காலம் சொந்த இசை இருக்கவில்லை. ‘கிறிஸ்தவ நடை’ என்ற வகையின் முதல் ஆக்கம் 1958இல்தான் வந்தது. அமான்தோ பிளான்கேர் என்ற அல்கோய் இசையமைப்பாளரின் ‘அலேலூயா’ அது. வென்றவர், தோற்றவரின் இசையைப் பார்த்துத் தமக்கும் ஒன்று வேண்டும் என்று நினைக்க அரை நூற்றாண்டு எடுத்திருக்கிறது.

பிற்பகல் ஊர்வலத்தின் மீதான பிரியத்துக்கு இசை ஒரு காரணம். உடை இன்னொரு காரணம். மூர் வேடத்துக்குக் கட்டுப்பாடு குறைவு; பட்டும் இறகும் தோலும் மணியும் எப்படியும் சேர்க்கலாம். இதில் கற்பனை வரம்பு மீறிப் போவதும் உண்டு. முகத்துக்குக் கரியும் கபில நிறமும் பூசி வருவது இன்று விமர்சிக்கப்படுகிறது. இதே நகரத்தில் ஜனவரி 5ஆம் திகதி நடக்கும் மூவரசர் ஊர்வலத்திலும் கறுப்பு முகப்பூச்சுப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்துவருகிறது.

பெண்களின் நிலையும் சொல்லப்பட வேண்டியது. உடை தைத்தவர்கள், ஆண்டு முழுவதும் சமைத்தவர்கள், நடனக் குழுக்களில் ஆடியவர்கள் பெண்கள். ஃபிலாவின் வரிசையில் ஆயுதத்தோடு நடக்கும் உரிமை மட்டும் பல தசாப்தங்களாக அவர்களுக்கு மறுக்கப்பட்டது. மூர்களுக்குப் பாதித் தெருவைக் கொடுத்த ஊர், தன் பெண்களுக்கு அதில் இடம்கொடுக்கத் தயங்கியது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகே, அதுவும் படிப்படியாகத்தான், கதவு திறந்தது.

விழாவின் வேரைத் தேடினால் அது ஓர் ஊர்க்காவல் படையின் சடங்கில் போய் முடிகிறது. காவலரான புனிதரின் நாளில் ஊர்க்காவலர் துப்பாக்கி வெடித்து மரியாதை செய்வார்கள். அவர்களில் ஒரு பாதி மூர்களாக வேடமிடத் தொடங்கியதைப் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதப்பட்ட உள்ளூர்ச் சரித்திரம் குறிப்பிடுகிறது. மூன்றாவது நாளின் வெடிச்சத்தம் அதன் தொடர்ச்சி. அன்று காலை மூர்களின் தூதுக் குதிரைவீரன் கடிதத்தோடு பாய்ந்து வருவான். கோட்டையில் இருப்பவர் அதனைக் கிழித்து எறிவார். இரு தூதுவர்களும் செய்யுளில் வாதிடுவார்கள். பின்னர் தெருவெங்கும் பழையகாலத் துப்பாக்கிகளின் புகை. முற்பகலில் கோட்டை மூர்கள் வசமாகும், பிறைக்கொடி ஏறும். பிற்பகலில் கிறிஸ்தவர் அதனை மீட்பார்கள். இரவில் புனித ஜோர்ஜாக வேடமிட்ட ஒரு சிறுவன் கோட்டை உச்சியில் குதிரையில் தோன்றி அம்புகளை எய்வான். ஆண்டுதோறும் ஒரு சிறுவன் இதற்குத் தெரிவு செய்யப்படுகிறான்.

வேடமிட யாரும் மிஞ்சாதவர்கள்

மேலே கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருவோம். பிற்பகலில் மூர்களாக நடப்பவர்கள் யார்?

மூர்களை வென்று குடியேறிய கிறிஸ்தவர்களின் வழிவந்தவர்களும், பின்னாளில் ஆலை வேலைக்கு வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளுமே. மூர்களின் பிள்ளைகள் அங்கே இல்லை. அவர்கள் இல்லாமற் போனது 1276இல் அல்ல. அல்-அஸ்ரக் இறந்த பின்னரும் 333 ஆண்டுகள் அந்த மலைகளில் முஸ்லிம்களும் அவர்களின் வழிவந்தவர்களும் வாழ்ந்தார்கள், உழுதார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். 1520களில் அவர்கள் பலவந்தமாக ஞானஸ்நானம் பெறவைக்கப்பட்டார்கள். அதன்பின் அவர்களுக்கு ‘மொரிஸ்கோ’ என்று பெயர். பெயரளவில் கிறிஸ்தவர், அரசின் பார்வையில் எப்போதும் சந்தேகத்துக்குரியவர்.

1609 செப்டெம்பர் 22ஆம் திகதி வலென்சியாவில் மூன்றாம் ஃபிலிப் மன்னரின் கட்டளை வாசிக்கப்பட்டது. மூன்று நாட்களுக்குள் துறைமுகத்துக்குப் புறப்பட வேண்டும். உடம்பில் சுமக்கக் கூடியதை மட்டும் கொண்டுபோகலாம். எஞ்சிய சொத்தை மறைப்பவருக்கும் எரிப்பவருக்கும் மரண தண்டனை. நூறு குடும்பங்களுக்கு ஆறு குடும்பங்கள் மட்டும் தங்கலாம் என்று ஒரு விதிவிலக்கு இருந்தது. வீடுகளையும் சீனி ஆலைகளையும் நெல் விளைச்சலையும் நீர்ப்பாசனத்தையும் பாதுகாக்கவும், புதிதாக வருபவர்களுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கவும் அந்த ஆறு குடும்பங்கள் தேவைப்பட்டன. மக்கள் வேண்டாம், அவர்களின் கைவேலை வேண்டும்.

வலென்சிய இராச்சியத்தில் இருந்து மட்டும் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் கப்பலேற்றப்பட்டார்கள். அது அந்த இராச்சியத்தின் சனத்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஸ்பெயின் முழுவதும் சேர்த்து மூன்று இலட்சம் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. பலர் டேனியா, அலிகாண்டே துறைமுகங்களில் இருந்து வட ஆபிரிக்காவின் ஓரான் கரையில் இறக்கப்பட்டார்கள். போக மறுத்தவர்கள் லாகுவார் பள்ளத்தாக்கின் மலையில் ஏறி நின்றார்கள். அந்த நவம்பரில் படை வந்தது. பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் கொல்லப்பட்டார்கள். வெளியேற்றத்தை ஓவியங்களாகத் தீட்டும்படி மன்னரே பணித்தார். துறைமுகங்களில் நிற்கும் கூட்டம், கப்பல்கள், மலையில் நடந்த சண்டை எல்லாம் அவற்றில் நுணுக்கமாக இருக்கின்றன. தாம் செய்ததை மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு இருக்கவில்லை.

அல்கோயில் இருந்து மலைப்பாதையில் கிழக்கே போனால் அல்-அஸ்ரக் பிறந்ததாகச் சொல்லப்படும் அல்காலா பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே அட்சுவியேட்டா என்ற மொரிஸ்கோ கிராமத்தின் கல்வீடுகள் கூரையில்லாமல் நிற்கின்றன. அயலில் உள்ள ஊர்கள் சிலவற்றுக்கு மயோர்க்கா தீவில் இருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். தார்பெனா என்ற ஊரில் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மயோர்க்காத் தீவின் பேச்சுச் சாயல் கேட்கிறது. காணிக்குப் புதிய உரிமையாளர் வந்தார்கள். ‘பெனி’ என்று தொடங்கும் அரபு ஊர்ப்பெயர்கள் மட்டும் அப்படியே கிடக்கின்றன.

‘மூர்’ என்ற சொல்லோடு எமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஐபீரியத் தீபகற்பத்தில் இருந்து புறப்பட்ட போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையை அடைந்தபோது, தம் நாட்டு முஸ்லிம்களுக்கு வைத்திருந்த ‘மௌரோ’ என்ற அதே பெயரை இங்கிருந்த முஸ்லிம்களுக்கும் வைத்தார்கள். நாம் சோனகர் என்று சொல்லும் மக்களுக்கு ஆங்கில ஆவணங்களில் இன்றுவரை அந்தப் பெயர்தான். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்துச் சோனகருக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வலென்சியாவின் மூன்று நாள் கட்டளையை வாசிக்கும் எம்மவர் இதனைத் தாண்டிப் போக முடியாது.

பாதித் தெருவின் பெறுமதி

ஆக, அல்கோய் கொடுத்த பாதித் தெருவுக்கு என்ன பெறுமதி? இதற்கு ஸ்பெயினிலேயே ஒத்த பதில் இல்லை.

ஒரு தரப்பு, இது அயலவரை மதிக்கும் விழா என்கிறது. மூர் வேடத்தைப் பெருமையோடு போடுகிறவனிடம் முஸ்லிம் வெறுப்பு எப்படி இருக்கும் என்று கேட்கிறது. இந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. கிரனாடாவில் ஜனவரி 2ஆம் திகதி நடக்கும் ‘கைப்பற்றிய நாள்’ சடங்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 1492இல் கடைசி முஸ்லிம் அரசு சரணடைந்ததை நினைவுகூரும் அந்த நாளில் வென்றவருக்கு மட்டுமே இடம். தீவிர வலதுசாரிகள் கொடியோடு வருவார்கள், எதிர்ப்பவர்களும் வருவார்கள், நடுவில் பொலிஸார் நிற்பார்கள். அல்கோயில் அப்படி ஒரு காட்சி இல்லை.

மறுதரப்பின் கேள்விகளும் வலுவானவை. இப்பகுதியின் சில ஊர்களில் ‘லா மஹோமா’ என்ற பெரிய உருவப் பொம்மை விழாவில் இடம்பெறும். சில இடங்களில் அதன் தலைக்குள் வெடி வைத்துத் தகர்ப்பதும் வழக்கமாக இருந்தது. டென்மார்க் கேலிச்சித்திரச் சர்ச்சைக்குப் பின்னர், 2006இல் பொக்காய்ரென்ட் என்ற ஊர் தலையைத் தகர்ப்பதைக் கைவிட்டது. அதே ஆண்டு முஸ்லிம் அமைப்புகளின் பிரதிநிதிகள் சிலர் இத்தகைய விழாக்களையே நிறுத்த வேண்டும் என்றார்கள். விழா ஊர்கள் கொதித்தன. மொரோக்கோவில் இருந்து வந்து வயல்களிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கும் முஸ்லிம்கள் இன்று அந்த ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளித் தோழரோடு கதிரையில் இருந்து பிற்பகல் ஊர்வலத்தைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்கள் என்பதை விழா ஏற்பாட்டாளர்கள் அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை.

சட்டமும் ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறது. 1492இல் வெளியேற்றப்பட்ட யூதர்களின் சந்ததியினருக்கு 2015இல் ஸ்பெயின் நாடாளுமன்றம் பிரஜாவுரிமைக்கு வழிசெய்தது. மொரிஸ்கோக்களின் சந்ததியினர் தமக்கும் அதனைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அவர்களில் பலர் இன்று மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா நாடுகளில் இருக்கிறார்கள். துனீசியாவின் டெஸ்டூர் நகரம் அவர்கள் கட்டியது. அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் கோபுரத்தில் ஒரு மணிக்கூடு உண்டு. அதன் எண்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கின்றன.

என் பார்வையில், இந்த ஊர்வலத்தைப் போலி என்று தள்ளிவிட முடியாது. எதிரியை இழிவாகக் காட்டாமல் தலைநிமிர்ந்து நடக்கவிட்ட ஒரு வழக்கத்தை நானூறு ஆண்டுகளுக்குக் கிட்ட ஓர் ஊர் காத்திருக்கிறது. அதற்குச் சின்ன மனசு போதாது. ஆனால் எதிரி திரும்பி வர முடியாத இடத்தில் இருக்கும்போது அவனை மதிப்பது இலகு. வலென்சியாவில் மொரிஸ்கோக்கள் வாழ்ந்த காலத்தில் அவர்களுக்கு ஒரு தெருவும் கொடுபடவில்லை.

இன்னொரு போர்

அல்கோய் வேறொரு போரையும் பார்த்தது. 1936 முதல் 1939 வரையான ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் நகரம் குடியரசின் பக்கம் நின்றது. அந்தக் காலத்தில் விழா நின்றுபோனது. தொழிலாளர் இயக்கத்தில் முன்னின்ற ஊர் அது. 1873இலேயே ஆலைத் தொழிலாளர் கிளர்ந்து நகரத்தைச் சில நாட்கள் தம் கையில் வைத்திருந்தார்கள். 1937இல் சுவீடன், நோர்வே மக்களின் உதவியோடு இங்கே ஒரு போர் மருத்துவமனை இயங்கியது. 1938 செப்டெம்பரில், பிராங்கோவுக்குத் துணைவந்த இத்தாலிய விமானங்கள் நகரத்தின் மீது குண்டு வீசின. பிராங்கோ தன் போரைக் கிறிஸ்தவத்தின் சிலுவைப் போர் என்று அழைத்தவர். அந்தச் சிலுவைப் போரில் முன்வரிசையில் அனுப்பப்பட்டவர்களில் மொரோக்கோவில் திரட்டப்பட்ட முஸ்லிம் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

வென்ற பிறகு பிராங்கோ சுட்டுக்கொன்றவர்கள் ஸ்பெயின் முழுவதும் புதைகுழிகளில் கிடக்கிறார்கள். வலென்சியா நகரத்துக்கு அருகே பாத்தெர்னா மயானத்தில் மட்டும் 2,200க்கும் மேற்பட்டோர். காணாமலாக்கப்பட்டவர்களின் பெயர்களைத் தொகுத்த நீதிமன்ற விசாரணை 2008இல் கண்ட எண்ணிக்கை 114,000ஐத் தாண்டியது. குடும்பத்தினர் இன்றும் குழிகளைத் தோண்டி, எலும்புகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கென 2007இல் ஒரு சட்டமும் 2022இல் இன்னொரு சட்டமும் வந்தன. ஒவ்வொரு தேர்தலிலும் அவை பற்றி நாடு பிளவுபடுகிறது.

அந்தப் போருக்கு அல்கோயில் ஊர்வலம் கிடையாது. செர்வான்தெஸ் பள்ளிக்கூடத்தின் அடியில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் ஒதுங்கிய பதுங்குகுழி இருக்கிறது. அதனை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். நீண்ட ஒடுங்கிய சுரங்கம், சுவரோரம் இருக்கைகள், கேட்டுக்கொண்டே போகும் அபாயச் சங்கின் ஒலி. பிற்பகல் ஊர்வலத்துக்குக் கதிரை பிடிக்க வந்தவர்களில் சிலர் முன்கூட்டியே வந்து அதனையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.